சேர்வராயன் மலையும் தாவரப் பூச்சிக்கொல்லிகளும்

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக விளங்கிய எம். டி. காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைப் புகுத்தினார். காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் பொதுப் பகையாவது அசுவினி. செடிப்பேன் எனவும் வழங்கும் இச்சிற்றுயிர் இளந்தளிரின் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இன்னீரில் கரும்பூசணம் படர்ந்து இலைக்குரிய ஒளியை மறைக்கும். இதனை அடக்கத் தாவரச் சாறுகளைத் தெளித்தல் தொன்றுதொட்ட மரபு என்பர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வகையில் பெரிதும் பேசப்படுவன புகையிலைக் கசாயமும் வேப்பங்கொட்டைக் கரைசலும் ஆம்.

புகையிலை அமெரிக்க நாட்டுச் செடி; போர்த்துக்கேசியர் வழியே இந்தியா புகுந்தது. புகைத்தற்குரிய இலை என்னும் காரணப்பெயரே அதன் வரலாற்றைக் காட்டும். சங்க நூல்களில் இச்சொல் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் அதன் சாற்றைப் பூச்சிகளின் மேல் தெளித்தனர். 1828-இல் செர்மனியில் நிக்கோட்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அது நரம்பைத் தாக்கி அசுவினியை விரைந்து கொல்லும். தெளிப்பவர் தோல் வழியும் உட்புகும். இந்தியாவில் நிக்கோட்டின் சல்பேட்டின் பயன்பாடு 1992-இல் தடைசெய்யப்பட்டது.

வேம்போ பாண்டியர் அடையாளப் பூவாகத் தொல்காப்பியத்திலேயே இடம்பெற்றது. தானியத்தில் வேப்பிலை இட்டுவைத்தல் நம் இல்லங்களின் பழவழக்கம். எனினும் அதன் வேதியியல் அண்மையது. 1942-இல் சலீமுச்சமான் சித்திக்கி நிம்பினைப் பிரித்தெடுத்தார்; 1962-இல் தில்லியில் பிரதான் வெட்டுக்கிளிகள் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை உண்ணாமையைக் காட்டினார்; 1968-இல் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. இது பூச்சியை உடனே கொல்லாது. உணவை வெறுக்கச் செய்யும். தோலுரித்து வளர்தலைத் தடுக்கும். 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடித்து, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பது இன்றைய முறை.

எனவே, மரபு என்னும் ஒரு சொல்லுள் வெவ்வேறு வரலாறுகள் மறைந்துள்ளன. புகையிலைச் சாறு தாவரத்தினது. ஆயினும் தொன்மையானதன்று, தீங்கற்றதுமன்று. வேம்பு தொன்மையானது, ஆயினும் குதிரில் இட்ட இலை வேறு, வயலில் தெளிக்கும் கரைசல் வேறு. மலைவாழ் மக்களின் வேளாண் வழக்குகளைத் தொகுக்க முனையும் ஆய்வாளர், செடியின் பெயரோடு அது வந்த காலம், பயன்பட்ட இடம், அளவு ஆகியவற்றையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறியாது அனைத்தையும் மரபெனப் போற்றின், நஞ்சைக் கையில் ஏந்தும் தொழிலாளியே அப்பிழையின் பயனைத் துய்ப்பான்.