மாநாட்டுக்கு வராத மாநிலம்

அமெரிக்காவின் அரசியல் யாப்பு பிறந்த கதையை அதை எழுதியோரின் பெருமையாகவே நாம் படித்து வந்துள்ளோம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

பழைய கூட்டிணைப்பு உடன்படிக்கையைத் திருத்துவதற்கென 1787 மே 14 இல் பிலடெல்பியாவில் மாநாடு கூட்டப்பட்டது. போதிய பேராளர் இன்மையால் அது 25 ஆம் திகதியே தொடங்கியது. அன்று ஏழு மாநிலங்களே வந்திருந்தன. நியூயோர்க்கின் பேராளர் மூவருள் இருவர் யூலை 10 இல் வெளியேறினர். தனித்து நின்ற ஹமில்டனுக்கு மாநிலத்தின் பெயரால் வாக்களிக்கும் தகுதி இருக்கவில்லை. நியூஹாம்ஷயர் வந்ததோ அதற்கும் பின்னர். பதின்மூன்றாவது மாநிலமான றோட் ஐலண்ட் இறுதிவரை எவரையும் அனுப்பவில்லை.

அது வராமைக்குக் காரணம் இருந்தது. பழைய உடன்படிக்கையின்படி, பதின்மூன்று மாநிலங்களும் இசைந்தாலன்றி எந்தத் திருத்தமும் செல்லாது. 1782 இல் இறக்குமதிப் பொருள்கள் மீது ஐந்து வீத வரி விதிக்கும் திட்டத்தை றோட் ஐலண்டின் மறுப்பே முடக்கியது. வீட்டிலிருந்தபடியே தடுக்கலாம் என்றிருக்க, பயணம் எதற்கு?

மக்கள் தொகையில் அதனினும் சிறிய டெலவெயார் வேறு வழியில் நடந்தது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்னும் விதியை விட்டுக்கொடுக்கலாகாது எனத் தன் பேராளருக்குக் கட்டளையிட்டு அனுப்பியது. மக்கள் தொகைக்கேற்ற வாக்கு என்ற யோசனை மே 30 இல் எழுந்தபோது, ஜோர்ஜ் றீட் அக்கட்டளையைச் சுட்டிக்காட்டி அதனை ஒத்திவைக்கச் செய்தார். டெலவெயார் விரும்பியது முழுதும் கிடைத்ததென்று கூறமாட்டோம். ஆயினும் யூலை 16 இல், ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில், செனற் சபையில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் உறுதியாயிற்று. திருத்தம் பற்றிய ஐந்தாம் உறுப்புரையோ, ஒரு மாநிலத்தின் இசைவின்றி அச்சமத்துவத்தைப் பறிக்கலாகாது என்கிறது.

றோட் ஐலண்ட் நம்பியிருந்த மறுப்புரிமையை மாநாடு அழித்துவிட்டது. ஒன்பது மாநிலங்கள் ஏற்றால், ஏற்றவற்றிடையே புதிய யாப்பு நடைமுறைக்கு வரும் என்று எழுதிவிட்டார்கள். உடன்படிக்கையைத் திருத்த வந்தோர் அதன் விதியையே மீறியது முறையோ என்பது வேறு வழக்கு. 1789 ஏப்ரலில் வாஷிங்டன் பதவியேற்றபோது றோட் ஐலண்ட் வெளியே நின்றது. அதனுடனான வணிகத்தைத் தடுக்கும் மசோதாவைச் செனற் நிறைவேற்றிய பின்னர், 1790 மே 29 இல், 34 க்கு 32 என்ற வாக்கில் அது யாப்பை ஏற்றது.

மூன்றில் இரு பங்கு மாநிலங்கள், இன்றைய கணக்கில் 34, கோரினால் திருத்த மாநாடொன்றைக் காங்கிரஸ் கூட்டவேண்டும் என்கிறது ஐந்தாம் உறுப்புரை. அத்தகைய மாநாடு ஒருபோதும் கூடியதில்லை. 27 திருத்தங்களும் காங்கிரஸ் வழியே வந்தவை. கூடினால் மாநிலத்துக்கு ஒரு வாக்கா, மக்கள் தொகைக்கேற்ற வாக்கா என்பது பற்றி அவ்வுறுப்புரையில் ஒரு சொல்லும் இல்லை.