மணலை விட்டுப் போன வேர்

நீலகிரியில் நெடிதுயர்ந்து நிற்கும் தைலமரத்துக்கு ஆஸ்திரேலியாவில் குள்ளமான உறவுகள் உண்டு. விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மணல்மேடுகளில் வளரும் அவற்றை 'மாலீ' என்கிறார்கள். அந்த வட்டாரத்துக்கும் அதுவே பெயர். ஒற்றை அடிமரம் கிடையாது, தரையிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும். மரத்தின் உயிர் மண்ணுக்குள், உருண்டு திரண்ட வேர்க்கட்டையில் இருக்கிறது. காட்டுத்தீ மேலே எல்லாவற்றையும் தின்றாலும் கட்டையில் உறங்கும் மொட்டுகள் துளிர்த்துவிடும். பக்கவாட்டில் ஓடும் நீண்ட வேர்களைப் பழங்குடி மக்கள் தோண்டியெடுத்து, துண்டுகளாக நறுக்கி நிமிர்த்தி வைத்து, வடியும் நீரைக் குடித்தார்கள். ஆறு குளமில்லாத மணற்காட்டில் அவர்களை நடமாடவைத்த அறிவு அது.

19ஆம் நூற்றாண்டில் கோதுமை விதைக்க வந்தவர்களுக்கோ கட்டை பகையாயிற்று. பழைய நீராவிக் கொதிகலனை உருளையாக்கி, மாடோ குதிரையோ பூட்டி இழுத்து, புதரைச் சாய்த்துக் கொளுத்தினார்கள். அடியில் கட்டை அப்படியே கிடந்தது. ஏர் மோதி உடைந்தது. 1876இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித் புதிய ஏர் ஒன்றைச் செய்தார். கட்டையில் இடித்தால் கொழு தானே மேலெழும்பும், தாண்டியதும் மண்ணில் இறங்கும். அதன்பின் மணல்நாடு வேகமாக வயலாயிற்று.

உழவுதோறும் கட்டைகள் மேலே வந்தன. பொறுக்கிக் குவித்தார்கள். நெடுநேரம் நின்று எரியும் விறகு என்பதால் அவை ரயிலேறி மெல்போர்ன், அடிலெய்டு வீடுகளின் கணப்புக்குப் போயின. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் அந்த விறகுக்காசு பல குடும்பங்களைத் தாங்கியது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மணலைப் பிடித்திருந்த வேர் போய்விட்டது. 1983 பிப்ரவரி 8 அன்று, கடும் வறட்சியின் நடுவே, மாலீ வயல்களின் மண் காற்றிலேறி அதே மெல்போர்னைப் பட்டப்பகலில் இருட்டாக்கியது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கேடு வேறு வடிவில் வந்தது. ஆழவேர் மரங்கள் குடித்த மழைநீரைக் கோதுமையால் குடித்து முடிக்க முடியவில்லை. நிலத்தடி நீர் உப்பைச் சுமந்து மேலேறியது. 1990களிலிருந்து அங்கே உழவர்கள் வயலுக்கிடையே வரிசை வரிசையாக மாலீ நடுகிறார்கள். இலையில் தைலம் உண்டு. தண்டை வெட்டினாலும் கட்டை மறுபடி துளிர்க்கும் என்ற நம்பிக்கையில்தான் நடுகிறார்கள்.