கடல் கடந்த கடமை: படைவீரரும் வீட்டாரும் தொடர்பில் இருப்பது எப்படி?

சிங்கப்பூரில் படைச் சீருடையைப் பார்க்காத குடும்பங்கள் குறைவு. 1967ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த தேசிய சேவையால் மகன், தம்பி, பேரன் என்று யாராவது ஒருவர் அதை அணிந்திருப்பார். அவர்களில் பலர் பயிற்சிக்காகச் சில வாரங்கள் வெளிநாடு செல்கின்றனர். நிரந்தரப் படைவீரர்கள் சிலர் மாதக்கணக்கில் கடலிலோ வேற்று நாட்டிலோ பணியாற்றுகின்றனர்.

எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும் காலம் இது. இருந்தாலும், “எப்போது பேசலாம்?” என்ற கேள்விக்கு இந்தக் குடும்பங்களில் எளிதில் பதில் கிடைப்பதில்லை.

எங்கே செல்கின்றனர்?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 1990 முதல் ‘வாலபி’ பயிற்சி நடந்து வருகிறது. அங்குள்ள நேரம் சிங்கப்பூரைவிட இரண்டு மணி நேரம் முந்தியது. பேசுவதற்கு நேர வேறுபாடு பெரிய தடையில்லை. ஆனால் வீரர்கள் பயிற்சிக் களத்தில் இருக்கும் நாள்களில் அழைப்பை எதிர்பார்க்க முடியாது.

கடற்கொள்ளையைத் தடுக்கும் பன்னாட்டுப் பணிக்காகச் சிங்கப்பூர் ஆயுதப் படை 2009 முதல் ஏடன் வளைகுடாவுக்கு அணிகளை அனுப்பியது. அங்கு இரவு 9 மணி என்றால் சிங்கப்பூரில் விடிகாலை 2 மணி. வேலை முடிந்து கணவர் ஓய்வாக அமரும் நேரத்தில் மனைவியும் பிள்ளைகளும் ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பார்கள்.

ஆப்கானிஸ்தானில் 2007 முதல் 2013 வரை ஏறக்குறைய 500 சிங்கப்பூர்ப் படையினர் முறைவைத்துப் பணியாற்றினர். மலேசியப் படையினர் 2007 முதல் ஐக்கிய நாட்டு அமைதிகாப்புப் படையின் அங்கமாகத் தென் லெபனானில் சேவையாற்றி வருகின்றனர். லெபனானுக்கும் மலேசியாவுக்கும் பருவத்தைப் பொறுத்து ஐந்து அல்லது ஆறு மணி நேர வேறுபாடு உண்டு.

கடிதம் முதல் காணொளி வரை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 1942இல் ‘வி-மெயில்’ என்ற முறையைத் தொடங்கியது. கடிதங்களைச் சிறு படச்சுருளில் பதிவுசெய்து அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் தாளில் அச்சிட்டனர். 37 அஞ்சல் மூட்டைகளில் போகவேண்டிய கடிதங்கள் ஒரே மூட்டையில் அடங்கின. மிச்சமான இடத்தில் போருக்கு வேண்டிய பொருள்கள் ஏற்றப்பட்டன.

வியட்னாம் போரின்போது ‘மார்ஸ்’ எனப்பட்ட வானொலி இணைப்பு வழியாக வீரர்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பேசினர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்லவேண்டும். இடையில் இணைப்பைக் கவனிக்கும் வானொலி ஆர்வலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். மனைவியிடம் அன்பைச் சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு ‘ஓவர்’ போடவேண்டிய நிலை.

இன்றும் எல்லாருக்கும் காணொளி அழைப்பு வாய்ப்பதில்லை. பிரிட்டனின் அணுவாயுத நீர்மூழ்கிக் கப்பல்களில் இருப்போருக்கு ‘ஃபேமிலிகிராம்’ எனும் சிறு செய்தியைக் குடும்பம் அனுப்பலாம். கப்பல் இருக்கும் இடம் வெளிப்பட்டுவிடும் என்பதால் அவர்கள் பதில் அனுப்ப முடியாது. செய்தியை அதிகாரிகள் முதலில் படிப்பார்கள். துயரச் செய்திக்கு அதில் இடமில்லை.

அழைப்பு வராதபோது

கைப்பேசி மௌனமானால் வீட்டில் முதலில் எழுவது அச்சம்தான். ஆனால் மௌனத்திற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நடுக்கடலில் கப்பலுக்குத் துணைக்கோள இணைப்புதான் துணை. அதில் பணிக்கு முன்னுரிமை. எஞ்சியதைக் கப்பலில் உள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பயிற்சிக் களத்தில் கைப்பேசி அனுமதிக்கப்படாமல் இருக்கலாம்.

வேண்டுமென்றே தொடர்பைத் துண்டிப்பதும் உண்டு. ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் படைவீரர் ஒருவர் இறந்தாலோ படுகாயமடைந்தாலோ, முகாமிலிருந்து வீட்டுக்குச் செல்லும் தொலைபேசி, இணைய இணைப்புகள் நிறுத்தப்பட்டன. ‘மினிமைஸ்’ என்பது அந்த நடவடிக்கையின் பெயர். சம்பந்தப்பட்ட குடும்பத்திற்கு அதிகாரிகள் நேரில் சொல்லும் முன்பே யாரோ ஒருவரின் குறுஞ்செய்தி வழியாகச் செய்தி பரவிவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்தச் சில மணி நேரம் எல்லா வீடுகளும் காத்திருந்தன. ஒரு தாய்க்கு அந்தச் செய்தி முறையாகப் போய்ச்சேர மற்றவர்கள் கொடுத்த விலை அது.

இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் வரும் உறுதிப்படுத்தப்படாத தகவலை மற்றொரு குழுவுக்கு அனுப்ப ஒரு நொடி போதும். படைவீரர் குடும்பங்கள் அந்த ஒரு நொடியில் நிதானிக்க வேண்டும்.

எதைப் பகிரக்கூடாது?

உடற்பயிற்சியாளர்கள் ஓடும் பாதைகளைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடம், 2018 தொடக்கத்தில் பரபரப்பை ஏற்படுத்தியது. பாலைவனத்தில் இருந்த ராணுவத் தளங்களின் உருவம் அதில் தெளிவாகத் தெரிந்தது. வீரர்கள் காலையில் ஓடிய ஓட்டமே தளத்தைக் காட்டிக்கொடுத்தது. 2020 ஜனவரியில் மத்திய கிழக்குக்குப் புறப்பட்ட அமெரிக்க வான்குடைப் படையினர் சிலருக்குச் சொந்தக் கைப்பேசியை எடுத்துச் செல்லக்கூடாது என்று உத்தரவிடப்பட்டது.

வீட்டில் இருப்போருக்கும் இது பொருந்தும். புறப்படும், திரும்பும் தேதிகள், கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகம், பிரிவின் பெயர், பின்னணியில் தளவாடங்கள் தெரியும் படங்கள் ஆகியவற்றைச் சமூக ஊடகத்தில் போடாமல் இருப்பது நல்லது. “அவர் வர இன்னும் மூன்று மாதம்” என்று எழுதுவது, வீட்டில் ஆள் இல்லை என்பதையும் ஊருக்குச் சொல்வதாகிவிடும்.

பிள்ளைகளும் பண்டிகையும்

சின்னஞ்சிறு பிள்ளைகள் திரைமுன் நீண்ட நேரம் உட்காரமாட்டார்கள். கூப்பிட்டும் வராவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் அப்பாவுக்கு மனம் வாடும். அமெரிக்காவில் 1989 முதல் இயங்கிவரும் ‘யுனைடெட் த்ரூ ரீடிங்’ அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. வெளியூர் செல்லும் பெற்றோர் கதைப் புத்தகம் வாசிப்பதைப் பதிவுசெய்து பிள்ளைக்குக் கொடுக்கிறது. நேர வேறுபாடோ இணைப்புக் கோளாறோ இதைத் தடுக்காது. தமிழ்க் கதை ஒன்றை வாசித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து வைக்க எந்தக் குடும்பத்தாலும் முடியும்.

‘வாலபி’ பயிற்சி நடக்கும் மாதங்களில் தீபாவளி வந்துவிடுவதும் உண்டு. முறுக்கும் அதிரசமும் அனுப்ப நினைப்போர், ஆஸ்திரேலியாவுக்குள் உணவுப்பொருள் கொண்டுசெல்வதற்கான கடுமையான விதிமுறைகளை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன் பேசவேண்டியவை

கடற்படையினரின் மனைவிமார் கடக்கும் மனநிலைகளைப் பற்றி கேத்லின் வெஸ்டல் லோகன் 1987இல் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பிரிவுக்கு முந்திய நாள்களில் வீட்டில் சண்டை வருவது இயல்பு என்கிறார் அவர். அந்தச் சண்டையில் பேசவேண்டியது விடுபட்டுப் போகும். ஆகவே, சில முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

முதலாவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்தி வரும் என்பது. தினமும் பேசுவதாக வாக்களித்துவிட்டு முடியாமல் போவதைவிட, வாரம் ஒருமுறை என்று சொல்லி அதைக் காப்பாற்றுவது மேல். “நாளை முதல் நாலு நாள் பேச முடியாதும்மா, கவலைப்படாதீங்க” என்ற ஒரு வரி நாலு இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றும்.

இரண்டாவது, அவசரத்தில் படைப்பிரிவில் யாரை அழைப்பது, படைப்பிரிவு வீட்டில் யாரை அழைக்கும் என்பது. அந்த எண்கள் ஒருவரின் கைப்பேசியில் மட்டும் இருக்கக்கூடாது. பாட்டிக்கும் எட்டும் இடத்தில் தாளில் எழுதி வைக்கவேண்டும்.

மூன்றாவது, பலரும் பேசத் தயங்குவது. தாத்தா மருத்துவமனையில் சேர்ந்தால் அவனிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் பணியில் கவனம் சிதறும். மறைத்தால், திரும்பி வந்தபின் “ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி காலத்துக்கும் நிற்கும். இதில் எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை. ஆனால் போகிறவரிடமே கேட்டு வைத்துக்கொண்டால், அந்த நாள் வரும்போது வீட்டார் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை.