துணியில் ஊறிய நிறங்கள்

ஓவியம் என்றால் துணியின்மேல் பூசப்பட்ட வர்ணம் என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். வர்ணம் நூலிழையைத் தொடாதிருக்கவே ஐரோப்பிய ஓவியர்கள் முதலில் பசையும் வெள்ளைப் பூச்சும் இட்டுக் கித்தானின் துளைகளை அடைத்தனர். 1952 ஒக்டோபரில் நியூயோர்க்கில் இவ்வழக்கத்தைக் கைவிட்டார் 23 வயதான ஹெலன் பிராங்கந்தலர். பூச்சிடாத கித்தானைத் தரையில் விரித்து, டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்த எண்ணெய் வர்ணத்தை ஊற்றினார். வர்ணம் துணிக்குள் ஊறிப் பரவியது. 'மலைகளும் கடலும்' எனும் அவ்வோவியம் ஏறத்தாழ 7 அடி உயரமும் 10 அடி அகலமும் கொண்டது.

1953இல் அதனைக் கண்ட மொரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் இருவரும் அம்முறையைப் பின்பற்றினர். வண்ணப்புல ஓவியம் என்ற போக்கு இவ்வாறு வலுப்பெற்றது. ஆனால் எண்ணெய், பூச்சிடாத துணியை நாளடைவில் அரிக்கும். 1960களில் பிராங்கந்தலரும் அக்ரிலிக் வர்ணத்துக்கு மாறினார்.

இவ்வரலாற்றை வாசிக்கையில், கெலிஓயாவில் வாழும் எனக்கு மாத்தளையே நினைவுக்கு வருகிறது. மாத்தளையை அடுத்த அலுவிகாரையைச் சேர்ந்தவர் ஈனா டி சில்வா (1922–2015). 1960களில் மகன் அனில் ஜயசூரிய, ஓவியர் லக்கி சேனநாயக்க ஆகியோருடன் இணைந்து பத்திக் கலைக்குப் புத்துயிர் ஊட்டியவர். ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் உட்கூரையை அலங்கரித்தது அவருடைய பத்திக் துணிகளே. 1980களில் ஊர் திரும்பி, கிராமத்துப் பெண்களுக்கு அத்தொழிலைக் கற்பித்தார்.

பத்திக்கில் மெழுகு இட்ட இடத்தை விட்டு, மற்ற இடங்களில் சாயம் ஊறும். மெழுகு வெடித்த கோடுகளிலும் சாயம் நுழைந்து நரம்புபோல் ஓடும். அங்கே ஓட்டம் கட்டற்றது. இங்கே மெழுகு அணை கட்டுகிறது. இரண்டிலும் நிறம் துணியோடு ஒன்றிவிடுகிறது.

தமிழகத்திலும் இதற்குத் தொடர்புண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது, ஓவியர்கள் பத்திக் துணிகளை விற்ற பணம் கைகொடுத்தது.

ஆயினும் அமெரிக்கக் கித்தான் நுண்கலை எனப்பட்டது. நம்முடைய துணி கைவினையாகவே கணக்கிடப்பட்டது. அங்கே ஓவியரின் பெயர் நிலைத்தது. இங்கே மெழுகும் சாயமும் தொட்ட பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

வாசகர்களின் வீடுகளில் பழைய பத்திக் தொங்கல் இருக்குமானால், அதை வெயில் படாமல் வையுங்கள். செய்தவர் பெயர் தெரிந்தால் ஒரு தாளில் குறித்து உடன் வையுங்கள். வரலாற்றுக்கு அதுவும் ஆவணமே.