கிர்மிஸ்: ஒரு பூச்சியின் பெயர்

கருவாலி மரத்தில் ஒட்டி வாழும் செதில்பூச்சியொன்றை அரபியர் 'கிர்மிஸ்' என்றனர். உலர்ந்த பெண்பூச்சி சிவப்புச் சாயம் தரும். ஆங்கிலக் 'கிரிம்சன்' அச்சொல்வழி வந்ததே. வடமொழிக் 'கிருமிஜ' (புழுவில் பிறந்தது) மூலமென்பாருளர். புழுவைக் குறிக்கும் பாரசீகக் 'கிர்ம்' இடையே நிற்பதை மறக்கலாகாது என்போம் நாம். எவ்வாறாயினும் கிர்மும் நம் நாவில் புழங்கும் கிருமியும் உடன்பிறப்புகள்.

பூச்சிச் சிவப்பின்மீதான ஆசை சென்னையையும் எட்டியது. நம் காத்திவாக்கத்திற்குத் தெற்கே, சைதாப்பேட்டையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித்தோட்டம் அமைத்தார். அவர் வேண்டியது மெக்சிகோவின் உயர்ந்த கொச்சினீல் பூச்சி. 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வந்திறங்கியதோ மட்டமான இனம்! சாய வணிகம் தேறவில்லை. பூச்சியோ பரவி, சப்பாத்திக்கள்ளி வகையொன்றைச் சாறுறிஞ்சியே அழித்தது. 1913இல் தென்னாப்பிரிக்கா, கள்ளியை ஒழிக்கவென்றே அவ்வினத்தை வரவழைத்தது.