காவிரிப் படுகையும் பயண ஒளிப்படக் கலையும்

முன்னுரை

ஒருவர் தம் ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சென்று, வழியில் கண்ட நிலக்காட்சி, கட்டடம், விலங்கு, பறவை, மக்கள் ஆகியவற்றைப் படமாக்கித் தருவது பயண ஒளிப்படம் எனப்படும். இன்று இத்துறைக்கென உலகளவில் போட்டிகளும் பரிசுகளும் உள்ளன. பரிசு பெற்ற படங்களை இணையத்தில் கண்டு வியக்கிறோம். ஆனால் ஓர் ஒளிப்படத்தின் பயன் பரிசோடு முடிந்துவிடுவதில்லை. எடுத்த இடமும் நாளும் குறிக்கப்பட்டு, ஓரிடத்தில் பாதுகாக்கப்பட்ட படம் ஐம்பது, நூறு ஆண்டுகள் கழித்து வரலாற்றுச் சான்றாகிறது. சில வேளைகளில் நீதி கேட்கும் சாட்சியாகவும் ஆகிறது. இதற்குக் காவிரிப் படுகையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சென்னையில் தொடக்கம்

ஒளிப்படக் கலை 1839இல் ஐரோப்பாவில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது இந்தியத் துறைமுக நகரங்களை எட்டியது. சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. அங்கே ஒளிப்படமும் கற்பிக்கப்பட்டது. 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது.

அதுவரை பழங்காலக் கோயில்களையும் சிற்பங்களையும் பதிவு செய்ய ஓவியர்களே அமர்த்தப்பட்டனர். ஓவியர் ஒருவர் ஒரு கோபுரத்தை வரைந்து முடிக்கப் பல நாள்கள் ஆகும். கைபோன போக்கில் சிலவற்றைக் கூட்டுவார், சிலவற்றை விட்டுவிடுவார். இதனால் 1850களின் நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், ஓவியத்துக்குப் பதிலாக ஒளிப்படத்தைப் பயன்படுத்துமாறு மாகாண அரசுகளை வலியுறுத்தினர்.

லின்னேயஸ் டிரைப்

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822இல் பிறந்த லின்னேயஸ் டிரைப், 1839இல் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். ஒளிப்படக் கலையை அவர் விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது கற்றார். இந்தியா திரும்பியபின் 1854இல் மைசூர்ப் பகுதிக்குப் பயணம் செய்து ஹளேபீடு, பேளூர் முதலிய இடங்களின் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த பெருங்கண்காட்சியில் அப்படங்கள் வைக்கப்பட்டு, முதல் தரப் பதக்கம் பெற்றன. தென்னிந்தியாவில் பயண ஒளிப்படத்துக்குக் கிடைத்த மிகப் பழைய பரிசுகளுள் ஒன்று இது.

அந்தப் பரிசு அவருக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவில் ஒளிப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

தஞ்சைப் பயணம்

1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம் அது. சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய இடங்களைப் படமாக்கிக்கொண்டு 1858 ஏப்ரல் அளவில் சென்னையை அடைந்தார். தமிழ்நாட்டின் பெருங்கோயில்கள் முறையாகத் தொகுத்து ஒளிப்படமாக்கப்பட்டது இப்பயணத்தில்தான்.

தஞ்சாவூரின் அன்றைய நிலையை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு கம்பெனியின் கைக்குப் போயிற்று. அரசர் இல்லாத அரண்மனையையும், கோட்டைக் கொத்தளத்தின் மீது கிடந்த பெரிய பீரங்கியையும், பெரிய கோயிலின் விமானத்தையும், நந்தியையும், சுப்பிரமணியர் சன்னதியையும் டிரைப் படமெடுத்தார். ஓர் அரசு மறைந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதன் தலைநகர் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் காண்பது இவற்றின் வழியாகவே.

படமெடுத்த முறை

டிரைப் பெரும்பாலும் மெழுகுத்தாள் முறையைக் கையாண்டார். நல்ல தாளை மெழுகில் தோய்த்து ஒளி ஊடுருவும்படி செய்து, அதன்மேல் வெள்ளி உப்புப் பூசி, பெட்டிக் கேமராவில் வைத்துப் படமெடுப்பது இம்முறை. அக்காலத்தில் பரவிவந்த கண்ணாடித் தகட்டு முறையில் தகட்டின் ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். மெழுகுத்தாளையோ சில நாள்களுக்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளலாம். மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் செல்பவருக்கு இது வசதி. ஆனால் நம் ஊர் வெயிலில் மெழுகும் மருந்தும் கெடும். கோயில் மண்டபங்களின் இருட்டில் நெடுநேரம் கேமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

வானம் வெறும் வெண்மையாக விழும் என்பதால், நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகத்தை அவரே சேர்த்ததும் உண்டு. ஒளிப்படம் உள்ளதை உள்ளபடியே காட்டும் என்று நம்புவோர் இதை மறக்கலாகாது. படத்தைத் திருத்தும் வழக்கம் கணினியோடு வந்ததன்று.

பெரிய கோயில் கல்வெட்டு அகலப்படம்

இப்பயணத்தின் தனிச்சிறப்பு, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை டிரைப் பதிவு செய்த முறை. கேமராவைச் சுவரோரமாகச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே அகலப்படமாக அவர் ஆக்கினார்.

அக்கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. பெரிய கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராசன் என்பதே அன்று பொதுவாக அறியப்படவில்லை. கரிகால் சோழன் கட்டினான் என்ற தலபுராணச் செய்தியே வழங்கிவந்தது. பின்னர் 1886இல் கல்வெட்டறிஞராக நியமிக்கப்பட்ட ஹுல்ஷ், மைப்படிகள் எடுத்து அக்கல்வெட்டுகளைப் படித்தார். அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக 1891 முதல் வெளிவந்தன. இராசராசன் கோயிலுக்கு அளித்த பொன், வெள்ளி, திருமேனிகள், ஊர்கள், தளிச்சேரிப் பெண்கள் நானூற்றுவர் ஆகிய செய்திகளெல்லாம் அதன்பின்னரே உலகுக்குத் தெரிந்தன.

ஹுல்ஷ் படித்தது மைப்படிகளையே. டிரைப்பின் படத்தைக் கொண்டு அல்ல. ஆயினும் எழுத்தைப் படிக்க ஆளில்லாத காலத்தில், இது காக்கத்தக்கது என்று கருதி ஒருவர் படமெடுத்து வைத்தார். அச்சுவர் 1858இல் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அப்படமே சான்று.

படத்தில் இல்லாத மக்கள்

டிரைப்பின் தஞ்சைப் படங்களில் தெருவும் மண்டபமும் பெரும்பாலும் வெறிச்சோடியே தோன்றும். கேமரா நெடுநேரம் திறந்திருந்ததால் நடந்து போனவர்கள் படத்தில் பதியவில்லை. பதிந்தவர்களும் நிழலாகவே விழுந்தனர். அதோடு, அரசு கேட்டது கட்டடங்களின் பதிவையே. காவிரி நீரில் நெல் விளைவித்தவர்களும் நாற்று நட்ட பெண்களும் அந்தத் தொகுதிகளுக்குள் வரவில்லை.

மக்களைப் படமெடுக்கும் வழக்கம் பின்னால் வந்தபோது வேறொரு குறை சேர்ந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' நூலில் 400க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. 1909இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளிலும் மக்களின் படங்கள் உண்டு. இவற்றில் மனிதர் பெரும்பாலும் தம் பெயரோடு நிற்கவில்லை. ஒரு சாதியின் மாதிரியாகவே நிறுத்தப்பட்டார். கோயிலுக்கு ஊர்ப்பெயர் எழுதியவர்கள், மனிதருக்கு ஆட்பெயர் எழுதவில்லை. இன்றைய பயண ஒளிப்படங்களிலும் 'தஞ்சை விவசாயி', 'மீனவப் பெண்' என்ற தலைப்புகளைக் காணும்போது அந்தப் பழைய வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை என்பது புலப்படுகிறது.

பணி நிறுத்தப்படல்

1858இல் டிரைப்பின் படங்கள் தஞ்சாவூர்–திருவையாறு, மதுரை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை எனத் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியன், இப்பணி அரசின் நிதி நிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்தச் சொன்னார். டிரைப் அதன்பின் ஒளிப்படத் துறையில் குறிப்பிடத்தக்க பணி எதுவும் செய்யவில்லை. 1902இல் காலமானார். அவருக்குரிய முதல் பெரிய தனிக் கண்காட்சி வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் 2014–15இல்தான் நடைபெற்றது.

கோயில்களைப் படமெடுக்கும் பணி அவரோடு நின்றுவிடவில்லை. 1867–68இல் எட்மண்ட் லயன் என்பவர் சென்னை அரசின் பணியாகத் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தார்.

கானுயிர்: மா. கிருஷ்ணன்

கட்டடங்களுக்கு டிரைப் செய்ததைக் காட்டு விலங்குகளுக்குச் செய்த தமிழர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவைப் பயன்படுத்தினார். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் மறையும் வரை இயற்கை பற்றிய தொடரை எழுதினார். 1968இல் நேரு ஆய்வுதவி பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்துள்ளார்.

அழகுக்காக மட்டும் கிருஷ்ணன் படமெடுக்கவில்லை. எந்தக் காட்டில் எந்த விலங்கு என்ன நிலையில் இருந்தது என்ற குறிப்பு அவர் பணியின் உயிர். நம் படுகையின் தென்கோடியில் கோடியக்கரையில் வெளிமான்களையும் பூநாரைகளையும் படமெடுக்கச் செல்லும் இளைஞர்களுக்கு அவர் நல்ல முன்னோடி.

சாட்சி சொன்ன ஒளிப்படம்

புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அதற்கு அடுத்த ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களுக்கு ஆள் அனுப்பி, சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்துவந்தது. ஊர், கோயில், திருமேனி, நாள் ஆகியவை குறிக்கப்பட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. ஆய்வாளர்களுக்கென்று செய்யப்பட்ட பணி இது.

மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடி அருகே ஆனந்தமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் இருந்த இராமர், இலக்குவன், சீதை திருமேனிகள் 1978 நவம்பரில் களவு போயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவை லண்டனில் இருப்பது தெரியவந்தது. இவை ஆனந்தமங்கலத்துத் திருமேனிகளே என்று எப்படி மெய்ப்பிப்பது? அந்நிறுவனத்தார் 1958இல் அக்கோயிலில் எடுத்த படங்கள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐயம் நீங்கியது. 2020 செப்டம்பரில் லண்டன் காவல்துறையினர் அவற்றை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தனர். பிறகு அவை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பிவந்ததிலும் இந்நிறுவனத்தின் படங்கள் சான்றாயின.

படமெடுக்கப்படாத கோயில்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். களவு போன திருமேனி அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் கண்ணெதிரே நின்றாலும், எங்களூர்ச் சாமி என்று சொல்ல ஊர்மக்களிடம் நினைவைத் தவிர வேறொன்றும் இருக்காது. நினைவை எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்பதில்லை.

சீர்காழி தரும் பாடம்

2023 ஏப்ரல் 16 அன்று, சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்கான யாகசாலைப் பணிக்கு மண் தோண்டியபோது, இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறிக்கப்பட்ட 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. ஞானசம்பந்தர் பிறந்த ஊரில் தேவாரம் செப்பேட்டு வடிவில் கிடைத்தது தமிழுலகையே மகிழ்வித்தது.

1858இல் தஞ்சையில் டிரைப் செய்ததற்கு நிகரான பணி இத்தகைய இடங்களில் இன்றும் தேவை. ஒவ்வொரு ஏட்டையும், இருபுறமும், அளவுகோல் வைத்து, எண்ணிட்டுப் படமெடுத்துப் பொதுவில் வைத்தால், எங்கோ இருக்கும் மாணவரும் அதைப் படிக்கலாம். நாளை ஏதேனும் ஒன்று காணாமற் போனாலும் அடையாளம் காட்டலாம்.

முடிவுரை

சென்னைக் கண்காட்சியின் பதக்கம் டிரைப்புக்குப் பயணம் செய்ய வாய்ப்புத் தந்தது. ஆனால் அவர் படங்களை இன்று நாம் தேடிப் பார்ப்பது அந்தப் பதக்கத்துக்காக அன்று. ஆனந்தமங்கலத்துக்குச் சென்று படமெடுத்தவர்கள் எந்தப் போட்டிக்கும் படம் அனுப்பவில்லை. அவர்கள் எழுதி வைத்த ஊர்ப்பெயரும் நாளும் மூன்று திருமேனிகளை வீடு சேர்த்தன.

இன்று ஏறத்தாழ ஒவ்வொரு மாணவர் வீட்டிலும் கேமராவுள்ள கைப்பேசி இருக்கிறது. ஊர்க்கோயில், குளம், வாய்க்கால், மதகு, பழைய வீடு ஆகியவற்றைப் படமெடுங்கள். ஊர், நாள், திசை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வயலில் வேலை செய்பவரை எடுத்தால் அவர் இசைவைக் கேட்டு, பெயரையும் எழுதுங்கள். டிரைப்பின் தஞ்சையில் விடுபட்டுப் போன மனிதர்கள் நம் காலத்துப் படங்களிலாவது தம் பெயரோடு இருக்கட்டும்.