வவுணதீவுக் கொலைகளும் பொய்த்தகவல் என்னும் குற்றமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள வவுணதீவு சோதனைச் சாவடியில் 2018 நவம்பர் 30 அதிகாலை இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டு, அவர்களுடைய துப்பாக்கிகளும் பறித்துச் செல்லப்பட்டன. விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் கழிந்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. சந்தேகம் உடனே புலிகளின் முன்னாள் போராளிகள்மீது விழுந்தது. அவர்களில் ஒருவர் ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான், வவுணதீவுக் கொலைகளும் அத்தாக்குதல்களை நடத்திய சஹ்ரான் ஹாஷிம் குழுவின் செயல் என்று விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். தடுப்பில் இருந்தவர் மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். விசாரணையைப் புலிகளின் பக்கம் திருப்புவதற்காகப் புலனாய்வுத் தரப்பினர் ஒரு ஜக்கெட்டைத் தடயமாக வைத்தனர் என்று பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால 2025இல் பாராளுமன்றத்தில் கூறினார். நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை இது குற்றச்சாட்டு மட்டுமே. ஆனால் அது மெய்யானால் சட்டத்தின் கண்ணில் என்ன குற்றம் நடந்திருக்கிறது, அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விகளை இப்போதே ஆராய்ந்தாக வேண்டும்.

குற்றத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 180ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்தே அரச ஊழியருக்குத் தகவல் கொடுத்து, அவருடைய சட்டபூர்வ அதிகாரத்தை மற்றொருவருக்குக் கேடாகப் பயன்படுத்தத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைப்பது தகவலாகுமா என்று வாதிடலாம். அதற்கு 189ஆம் பிரிவு இருக்கிறது: சான்றாகத் தோன்றவேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு சூழ்நிலையை உண்டாக்குவதே பொய்ச்சான்று புனைதல். அப்பாவியொருவர்மீது பொய்க் குற்றம் சாட்டுவதை 208ஆம் பிரிவு தனியே தண்டிக்கிறது. கொலைக்கு மரண தண்டனை விதிக்கும் நாடு இது. 1976இற்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், கொலைப்பழியைச் சுமத்தும் நோக்கோடு சான்று புனைவதைச் சட்டம் மிகக் கடுமையாகவே பார்க்கிறது.

இடர்ப்பாடு வாசற்படியில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 180ஆம் பிரிவுக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க, ஏமாற்றப்பட்ட அரச ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ முறையிட வேண்டும், அல்லது சட்டமா அதிபரின் அனுமதி வேண்டும். வெளியார் ஒருவர் அதிகாரியை ஏமாற்றும்போது இந்த ஏற்பாடு பொருந்தும். அரசின் ஒரு கை மற்றொரு கையை ஏமாற்றியதாகச் சொல்லப்படும்போதோ, முறையிட வேண்டியவரும் முறைப்பாட்டுக்கு ஆளாக வேண்டியவரும் ஒரே அமைப்பின் உள்ளே இருக்கிறார்கள். வவுணதீவில் பொய்யின் பாரத்தைச் சுமந்தவர்கள் வேறு: சுதந்திரத்தை இழந்த முன்னாள் போராளி, உண்மைக் கொலையாளி தேடப்படாமல் போனதால் நீதி தள்ளிப்போன கான்ஸ்டபிள்களின் குடும்பங்கள், இன்னும் விரிவாகப் பார்த்தால், சீயோன் தேவாலயத்தில் வழிபட வந்தவர்கள். இவர்களுள் எவரும் அந்த வாசலைத் தாமாகத் திறக்க முடியாது. இதுவே சட்டத்தின் மெய்யான குறை என்பது என் வாதம்.

தகவல் தருவோர் அஞ்சி ஒதுங்கிவிடுவார்கள், அதனால் பாதுகாப்பு நலியும் என்ற மறுப்பு எளிதாக எழும். 180ஆம் பிரிவு தவறான தகவலைத் தண்டிப்பதில்லை. பொய் என்று அறிந்தோ நம்பியோ தருவதையே தண்டிக்கிறது. நேர்மையாகத் தவறியவருக்கு அதில் அச்சமில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தெரிந்த தகவலைச் சொல்லாமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. சொல்லாதவரைத் தண்டிக்கும் அரசு, அறிந்தே பொய் சொன்னவரைத் தண்டிக்கத் தயங்குவதற்கு நியாயம் ஏது?

இன்னொரு மறுப்பு இதைவிட வலியது. அதிகாரிகள் நம்ப விரும்பியதையே அந்தத் தடயம் காட்டியது. நவம்பர் இறுதி வாரத்தில் படுவான்கரையில் பொலிஸார் கொல்லப்பட்டால் முன்னாள் போராளியைத் தேடுவது பழகிப்போன வழி. ஆகவே ஏமாற்றியவரைவிட ஏமாற ஆயத்தமாக இருந்தவர்களே பொறுப்பு என்பதே அந்த மறுப்பு. இதில் உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அமைச்சரின் சந்தேகத்தின் பேரிலேயே தடுப்புக்காவல் கட்டளை பிறப்பிக்க இடம் தருகிறது. அன்று அதை நீடித்து 18 மாதங்கள் வரை ஒருவரை வைத்திருக்கலாம். 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. சான்றை நீதவான் முன் சோதிக்காமலே ஒருவரை அடைத்து வைக்க முடியும்போது, பொய்த்தகவலுக்கு விலை ஏறிவிடுகிறது. எனினும் 180ஆம் பிரிவு பொய்யின் விளைவை அன்றி, பொய்யரின் அறிவையும் நோக்கத்தையும் பார்க்கிறது. கேட்டவர் எளிதில் நம்பினார் என்பது சொன்னவரின் குற்றத்தை அழிக்காது. கேட்டவரின் கடமைத்தவறு தனி வழக்கு. உயிர்த்த ஞாயிறு முன்னெச்சரிக்கைகளைப் புறக்கணித்தமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் கட்டளையிட்டது. அங்கே தண்டிக்கப்பட்டது கவனக்குறைவு. அறிந்தே செய்யும் வஞ்சனைக்கு அதைவிடக் குறைந்த கணக்கு வைக்க முடியாது.

ஆகவே 135ஆம் பிரிவைத் திருத்தி, பொய்த்தகவலால் தடுத்து வைக்கப்பட்டவருக்கும் விசாரணை திசைதிருப்பப்பட்ட குற்றத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் நீதவானிடம் நேரே முறையிடும் உரிமை தரவேண்டும். பழிவாங்கும் முறைப்பாடுகள் பெருகும் என்றால், முதற்பார்வையில் சான்று உண்டா என்று நீதவான் சோதித்த பின்னரே அழைப்பாணை அனுப்பலாம். தடுப்புக் கட்டளைக்கு ஆதாரமான தகவலின் மூலத்தையும் முத்திரையிட்டு நீதவானிடம் கையளிக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் எந்த முறைப்பாடும் நிலைக்காது. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலவரையறை 20 ஆண்டுகள். வவுணதீவுத் தடயம் புனையப்பட்டது மெய்யானால், அதற்காக வழக்குத் தொடுக்க 2038 வரை மட்டுமே சட்டம் இடம் தருகிறது.